“கேஸ் இறங்கிடுச்சும்மா!” ஏ.சி. சர்வீஸுக்கு ஆள் கூப்பிடும் முன்...

மாசி பிறந்துவிட்டால் போதும், வெயில் பல்லைக் காட்ட ஆரம்பித்துவிடும். நாலு மாதமாகச் சும்மா கிடந்த ஏ.சி.யை ஒருநாள் ராத்திரி போடுகிறோம். முதல் காற்றிலேயே ஈரத்துணி வாடை. கொஞ்ச நேரத்தில் சின்னவனுக்கு அடுக்குத் தும்மல், பாட்டிக்கு வறட்டு இருமல். “சர்வீஸ் பண்ணி எத்தனை நாளாச்சு? ஆளைக் கூப்பிடு” என்கிறார் வீட்டுக்காரர்.

யாரைக் கூப்பிடுவது? அங்கேதான் சிக்கல்!

வந்தவர் நல்லவராக அமைந்துவிட்டால், ஒரு மணி நேர வேலை, சில நூறு ரூபாயோடு முடிந்தது. இல்லாவிட்டால்? மூடியைக் கழற்றுவார், பைப்பைத் தொட்டுப் பார்ப்பார், “கேஸ் இறங்கிடுச்சும்மா” என்பார். சில ஆயிரம் ரூபாய் பழுத்துவிடும். இத்தனைக்கும், சின்னவனைத் தும்ம வைத்த தூசியும் பூஞ்சணமும் உள்ளே அப்படியே குடியிருக்கும். பணமும் போச்சு, தும்மலும் போகலை!

‘இந்த மெஷின் இவங்களுக்குப் புரியாது’ என்ற தைரியத்தில்தான் பாதி ஏமாற்று வேலை நடக்கிறது. புரிந்துகொள்ள இன்ஜினீயரிங் படிக்க வேண்டியதில்லை. மிக்ஸி, கிரைண்டரைப் பழகிக்கொண்ட நமக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. வாங்க, பார்த்துடலாம்.

உள்ளே என்னதான் இருக்கு?

ஸ்ப்ளிட் ஏ.சி. வெளியிலிருந்து காற்றை எடுத்து வருவதில்லை. நம் அறைக் காற்றையே உறிஞ்சி, குளிர வைத்து, திரும்ப அறைக்கே அனுப்புகிறது. அறையில் இருக்கும் தூசு, தலைமுடி, துணிப் பஞ்சு, பவுடர் எல்லாமே அந்தக் காற்றோடு ஏ.சி.க்குள் போகும்.

அதைத் தடுக்கும் முதல் காவல்காரன், முன்மூடிக்குப் பின்னால் இருக்கும் வலை ஃபில்டர். அதற்கும் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடுகளும் செம்புக் குழாயும் சேர்ந்த கூலிங் காயில். காற்று குளிர்வது இங்கேதான். அதற்குக் கீழே உருளை மாதிரி ஒரு ப்ளோயர். குளிர்ந்த காற்றை அறைக்குள் தள்ளுவது அதுதான்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்குமே, பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கூலிங் காயிலும் அப்படித்தான் வியர்க்கும். அந்தத் தண்ணீர் அடியிலிருக்கும் டிரேயில் சொட்டி, டிரெயின் பைப் வழியாக வெளியே போகிறது. ஏ.சி. ஓடும் நேரமெல்லாம் உள்ளே ஈரம். கூடவே தூசு. வெளிச்சமும் கிடையாது. பூஞ்சணம் பூக்க இதைவிட நல்ல இடம் வேறு எது வேண்டும்? டார்ச் அடித்து ப்ளோயரைப் பாருங்கள். கறுப்புக் கறுப்பாகப் புள்ளி தெரிந்தால், வாடை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

தும்மலுக்கு ஏ.சி.தான் காரணமா?

சில வீடுகளில் ஆமாம், சில வீடுகளில் இல்லை. பூஞ்சணத்தின் நுண்ணிய வித்துக்கள் காற்றில் பறந்து மூக்குக்குள் போனால், ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மல், மூக்கு ஒழுகல், கண் அரிப்பு வரும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு இளைப்பு கூடலாம். எல்லாருக்கும் வரும் என்பதில்லை. ஒரே அறையில் நாலு பேர் படுத்தால் ஒருவர் மட்டும் அவஸ்தைப்படுவதும் உண்டு.

ஈரமும் தூசும் சேர்ந்தால் விஷயம் தும்மலோடு நிற்காமலும் போகலாம். இந்தியாவில் நாள்பட்ட நுரையீரல் திசு நோய் கொண்ட 1,084 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருந்தது, மூச்சில் போகும் பொருள்களின் ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி. அந்தப் பாதியிலும் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டில் ஏர்கூலர் வைத்திருந்தவர்கள். ஏர்கூலர் தண்ணீரில் ஓடுவது, ஏ.சி. அப்படியல்ல. ரெண்டும் ஒன்று என்று பயந்துவிட வேண்டாம். ஆனால், ஈரமான இடத்தில் பூஞ்சணத்தை வளரவிட்டு அதன் வழியாக வரும் காற்றைச் சுவாசிக்கக் கூடாது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். தும்மலுக்குத் தலையணையிலும் மெத்தையிலும் வாழும் தூசு உண்ணிகள் காரணமாக இருக்கலாம். ஜன்னலைச் சாத்திய ஏ.சி. ரூமில் கொளுத்தி வைக்கும் கொசுவர்த்தியும் காரணமாக இருக்கலாம். புகை வெளியே போக வழியில்லாமல், அதே புகையை ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றி நமக்கே அனுப்பிக்கொண்டிருக்கும் ஏ.சி. இதற்கு எந்த மெக்கானிக் வந்தாலும் பயனில்லை. கொசுவலை கட்டுங்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை நல்ல வெந்நீரில் அலசுங்கள்.

“ஒரு தடவை கெமிக்கல் வாஷ் பண்ணிட்டா குழந்தைக்கு வீஸிங்கே வராது மேடம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுத்தமான ஏ.சி. ஒரு தொந்தரவைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆஸ்துமாவுக்கு வைத்தியம் டாக்டரிடம்தான். சர்வீஸ் முடிந்துவிட்டதென்று இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்!

பாதி வேலை உங்கள் கையிலேயே!

ஃபில்டரைக் கழுவ ஆள் தேவையே இல்லை. தினமும் ஏ.சி. ஓடும் வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் நல்லது. மெயின் ரோடு ஓர வீடு, பக்கத்தில் கட்டட வேலை, வீட்டில் நாய் பூனை என்றால் வாரா வாரம்.

முதலில் ஏ.சி.யை நிறுத்தி, சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். முன்மூடியைத் தூக்கினால் வலை ஃபில்டர் தெரியும். மெதுவாக உருவி எடுத்து, குழாயடியில் பின்பக்கம் மேலே இருக்கும்படி பிடியுங்கள். தூசு வந்த வழியே திரும்பப் போய்விடும். பிசுக்கு இருந்தால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர், ஒரு பழைய டூத் பிரஷ். நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். ஈரத்தோடு மாட்டாதீர்கள், பூஞ்சணத்துக்கு நாமே பாய் விரித்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: சில மாடல்களில் வலைக்கு மேல் சின்னதாக கார்பன் ஃபில்டரோ, நுண்தூசி ஃபில்டரோ இருக்கும். அதில் பலவற்றைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. மெஷினோடு வந்த புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள்.

இதை ஒழுங்காகச் செய்தாலே கூலிங் கூடும், கரண்ட் பில் குறையும். மெக்கானிக்கைக் கூப்பிடும் தடவையும் குறையும். காயில், ப்ளோயர், டிரே, வெளியே இருக்கும் யூனிட் ஆகியவைதான் ஆள் வைத்துச் செய்ய வேண்டியவை. வெயிலுக்கு முன்னால் ஒன்று, சீசன் முடிந்ததும் ஒன்று என வருஷத்துக்கு இரண்டு சர்வீஸ் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

கேஸ் ஒன்றும் பெட்ரோல் அல்ல!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது இதுதான்.

ஏ.சி.யில் இருக்கும் கேஸ், ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. செம்புக் குழாய்க்குள் அடைபட்டு, அதே கேஸ் உள்ளேயும் வெளியேயும் சுற்றிச் சுற்றி வருகிறது. பத்து வருஷம் ஓடினாலும், கசிவு இல்லை என்றால் கேஸ் குறையாது. ‘வருஷா வருஷம் கேஸ் போடணும்’ என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்கு வேலை தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

கேஸ் நிஜமாகவே குறைந்திருந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது. குழாய்கள் சேரும் நட்டு தளர்ந்திருக்கலாம். சாக்கடை, கழிவுநீர் ஓடைக்குப் பக்கத்து வீடுகளில் அந்த வாயு பட்டுச் செம்புக் குழாயில் ஊசித்துளை விழலாம். கடலோர வீடுகளில் உப்புக்காற்று வெளி யூனிட்டை அரிக்கும். ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். அடுத்த கோடைக்கு மறுபடி “கேஸ் இறங்கிடுச்சும்மா!”

“பாருங்க மேடம், பைப்புல ஐஸ் கட்டியிருக்கு, கேஸ் இல்லை” என்று காட்டுவார்கள். ஐஸ் கட்டுவது கேஸ் குறைந்ததற்கு ஓர் அடையாளம் என்பது உண்மைதான். ஆனால், ஃபில்டரும் காயிலும் தூசியால் அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலும் ஐஸ் கட்டும். ஆகவே, முதலில் சுத்தம், பிறகுதான் கேஸ் பேச்சு. “தம்பி, முதல்ல சர்வீஸ் பண்ணி ஓட விடுங்க. அப்புறமும் கூலிங் இல்லைன்னா கேஸைப் பத்திப் பேசலாம்” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

கேஸ் குறைவு என்று முடிவானால் நாலு விஷயம் நடக்க வேண்டும்.

1. கசிவு எங்கே என்று உங்களுக்குக் காட்ட வேண்டும். சோப்பு நுரை தடவினால் ஓட்டையில் குமிழி கிளம்பும். நீங்களே பார்க்கலாம்.

2. அதை அடைத்த பிறகு, நைட்ரஜன் அடைத்து அழுத்தம் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். இதற்கு ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பயன்படுத்தவே கூடாது. கம்ப்ரெஸரில் இருக்கும் எண்ணெயோடு ஆக்ஸிஜன் சேர்ந்தால் வெடிக்கும். உயிரே போகும் விஷயம்!

3. வேக்குவம் பம்ப் வைத்து, குழாய்க்குள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்து எடுக்க வேண்டும்.

4. மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். அதே கேஸை, எடை மெஷினில் வைத்து அதே அளவு ஏற்ற வேண்டும்.

கேஸின் பெயரைக் கவனிப்பது ரொம்ப முக்கியம். பழைய மெஷின்களில் ஆர்-22, பிறகு வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது பெரும்பாலும் ஆர்-32. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஏற்றக் கூடாது. ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. சில மாடல்களில் இருக்கும் ஆர்-290, சமையல் சிலிண்டரில் இருக்கிற அதே புரோப்பேன். சுலபமாகத் தீப்பிடிக்கும். இந்த வேலை நடக்கும்போது ஜன்னல் கதவு திறந்திருக்கட்டும். பூஜை விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது.

ஆளைத் தேடும்போது...

வாரன்ட்டி இருக்கும் மெஷின் என்றால் கம்பெனி சர்வீஸுக்குத்தான் சொல்ல வேண்டும். வெளியாள் திறந்தால் வாரன்ட்டி போய்விடக்கூடும். போன் நம்பரை மெஷினிலோ, வாரன்ட்டி கார்டிலோ பார்த்து எடுங்கள். இன்டர்நெட்டில் தேடினால் முதலில் வந்து விழும் ‘கஸ்டமர் கேர்’ நம்பர்களில் போலிகள் கலந்திருக்கின்றன. “பத்து ரூபாய் கட்டிப் பதிவு பண்ணுங்க”, “இந்த ஆப்பை போனில் ஏற்றுங்க”, “ஓ.டி.பி. சொல்லுங்க” என்று கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்கள். ஏ.சி. சர்வீஸுக்கும் ஓ.டி.பி.யைப் போனில் சொல்வதற்கும் சம்பந்தமே கிடையாது.

வாரன்ட்டி முடிந்துவிட்டதா? ஏரியாவிலேயே கடை வைத்திருக்கும் மெக்கானிக் நல்ல தேர்வு. நாளைக்குப் பிரச்னை என்றால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறதே! மாடி வீட்டுக்காரரிடம், பக்கத்து ஃப்ளாட்டில் விசாரியுங்கள். ‘எவ்வளவு வாங்கினார்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘அடுத்த வருஷமும் அவரையே கூப்பிட்டீங்களா?’ என்று கேளுங்கள். பதில் அதில்தான் இருக்கிறது.

போனில் பேசும்போதே இவற்றைக் கேட்டுவிடலாம்:

• சர்வீஸ் சார்ஜ் எவ்வளவு? அதில் என்னென்ன அடக்கம்? உள் யூனிட், வெளி யூனிட் இரண்டுமா?

• வெறும் ஃபில்டர் துடைப்பா, பம்ப் வைத்துத் தண்ணீர் அடிக்கும் சர்வீஸா?

• வந்து பார்த்துவிட்டு வேலை வேண்டாம் என்றால் விசிட் சார்ஜ் உண்டா?

• வருகிறவர் பயிற்சி எடுத்தவரா? ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனத் தொழில்நுட்பத்துக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது.

• கேஸ் போட்டால் எத்தனை நாள் உத்தரவாதம்? பில்லில் எழுதித் தருவீர்களா?

பதில் சொல்ல எரிச்சல்படுகிறவர், பில் என்றதும் இழுக்கிறவர் வேண்டவே வேண்டாம். அதேபோல, ஊரில் இல்லாத மலிவு விலையைச் சொல்லி நோட்டீஸ் விடுகிறவர்களிடமும் உஷார். உள்ளே நுழைய அது ஒரு சாவி. நுழைந்தபின் அது கெட்டுப்போச்சு, இது கெட்டுப்போச்சு என்று பட்டியல் நீளும்.

இன்னொன்று, கத்திரி வெயிலில் கூப்பிடாதீர்கள். அப்போது ஒரு மெக்கானிக் காலையிலிருந்து ராத்திரி வரை வீடு வீடாக ஓடிக்கொண்டிருப்பார். நல்ல மனுஷர்கூட அவசரத்தில் அரைகுறையாகத்தான் செய்வார். மாசியிலேயே முடித்துவிட்டால் ஆளும் கிடைப்பார், நிதானமும் கிடைக்கும்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே இருங்கள்

ஆள் வந்ததும் மூடியைக் கழற்ற விடாதீர்கள். முதலில் ஏ.சி.யை ஓடவிட்டு, என்ன தொந்தரவு என்று சொல்லுங்கள். ஓடும் நிலையில் அவரும் பார்க்கட்டும். பிறகு மெயினை அணைத்துவிட்டுத்தான் வேலை ஆரம்பிக்க வேண்டும்.

தண்ணீர் அடிக்கும் முன், கரண்ட் போர்டு இருக்கும் பகுதியை பிளாஸ்டிக் தாளால் மூடுகிறாரா என்று கவனியுங்கள். மூடாமல் அடித்தால் போர்டு நனைந்து, நன்றாக இருந்த மெஷின் சர்வீஸுக்குப் பிறகு படுத்துவிடும். தண்ணீர் பிடிக்க ஏ.சி.க்கு அடியில் பை மாதிரி ஒன்று கட்டுவார்கள். அதில் வடியும் கறுப்புத் தண்ணீரைப் பாருங்கள். கடைசியில் அது தெளிவாக வர வேண்டும். காயிலோடு நிறுத்தாமல் ப்ளோயரையும் கழுவச் சொல்லுங்கள். பூஞ்சணம் மொய்ப்பது அங்கேதான். டிரெயின் பைப்பில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் தடையில்லாமல் வெளியே ஓட வேண்டும்.

காரமான ஆசிட் வகைத் திரவம் எதற்கும் சம்மதிக்காதீர்கள். அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். அதன் நெடி மூச்சுக்குழலுக்கும் ஆகாது. வாசனை ஸ்பிரே அடித்து ‘ஃப்ரெஷ்ஷா இருக்கு பாருங்க’ என்பதும் சுத்தம் ஆகாது. அது வாடையை மறைக்குமே தவிர பூஞ்சணத்தை எடுக்காது.

இளைப்பு, ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும். கட்டில், அலமாரி மேல் பழைய விரிப்பைப் போட்டு மூடுங்கள். முடிந்ததும் ஜன்னலைத் திறந்து, அரை மணி நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டு உள்ளே உலர்ந்தபின் படுக்கப் போகலாம்.

கூலிங் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இருபது நிமிஷம் ஓடவிட்டு, ஏ.சி.யின் மேல்பக்கம் உள்ளே போகும் காற்றின் சூட்டையும், கீழே வெளியே வரும் காற்றின் சூட்டையும் ஒரு சாதாரண ரூம் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். வழக்கமாக 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். இருந்தால் கேஸ் பேச்சுக்கே இடமில்லை!

வெளியே தொங்குவது ஓர் உயிர்!

நம் வீடுகளில் வெளி யூனிட்டை மாட்டும் இடங்களைப் பாருங்கள். மூன்றாவது மாடி சன்ஷேடுக்கு வெளியே, பிடிமானமே இல்லாத சுவரில்! அதைச் சுத்தம் செய்ய ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வேலை செய்யும் பையனை நாம் காபி குடித்துக்கொண்டே வேடிக்கை பார்க்கிறோம்.

இடுப்பு பெல்ட் கொண்டு வந்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் “தம்பி, வெளி யூனிட்டை இன்னிக்கு விட்டுடுங்க, பெல்ட்டோட வந்து பண்ணுங்க” என்று சொல்லிவிடுங்கள். மழை ஈரத்தில் சன்ஷேடில் இறங்கவே விடாதீர்கள். புது ஏ.சி. மாட்டும்போது பைப் நீளத்துக்குக் கொஞ்சம் கூடச் செலவானாலும் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ வெளி யூனிட்டை வையுங்கள். பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிற மெக்கானிக், வேலையிலும் அக்கறை உள்ளவராக இருப்பார்.

பில், ஏ.எம்.சி., புகார்

ஏதாவது பாகம் மாற்றினால், பழைய பாகத்தை உங்களிடம் தரச் சொல்லுங்கள். என்ன வேலை, என்ன பாகம், எத்தனை கிராம் கேஸ், எத்தனை நாள் உத்தரவாதம் எல்லாம் பில்லில் இருக்க வேண்டும்.

வருடாந்திர ஒப்பந்தமான ஏ.எம்.சி. போடுகிறீர்களா? இரண்டு வகை உண்டு. ஒன்றில் சர்வீஸ் மட்டும், பாகங்களுக்குத் தனியாகப் பணம். மற்றதில் பாகங்களும் சேரும். கேஸ், கம்ப்ரெஸர், போர்டு இந்த மூன்றும் அடக்கமா என்று எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். அதற்கும் மசியவில்லையா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. ஆனால், கையில் பில் வேண்டும்!

டக்ட் இருக்கும் வீடுகளுக்கு...

அமெரிக்காவில் இருக்கும் மகன், மகள் வீடுகளிலும், இங்கே சில பெரிய வீடுகளிலும் கூரைக்குள் ஓடும் டக்ட் வழியாகத்தான் காற்று வரும். அதைச் சுத்தம் செய்யவே தனி கம்பெனிகள் உண்டு. வருஷா வருஷம் செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை. டக்ட் சுத்தம் செய்வதால் நோய் வராமல் தடுக்கப்படுவதாக நிரூபணமாகவில்லை என்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமே சொல்கிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணம், எலி அல்லது பூச்சி, அறைக்குள் தூசி கொட்டும் அளவு அடைப்பு இருந்தால் செய்தே ஆக வேண்டும். ‘பூஞ்சணம் இருக்கு’ என்று வந்தவர் சொன்னால் போதாது, டக்ட்டுக்குள் போட்டோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஈரம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் சுத்தம் மட்டும் செய்தால் பூஞ்சணம் திரும்ப வரும்.

நீங்கள் கேட்கக்கூடியவை

*ஏ.சி.யில் ‘லீஜியோனேர்ஸ்’ என்ற நிமோனியா வரும் என்கிறார்களே?*

1976-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர ஹோட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் ராணுவத்தினரிடையே பரவிய நோய் அது. பெரிய கட்டடங்களின் கூலிங் டவர் போல, தண்ணீரைச் சாரலாக்கும் அமைப்புகளில் அந்தக் கிருமி வளர்ந்து பரவும். வீட்டு ஸ்ப்ளிட் ஏ.சி. தண்ணீரால் குளிர்விப்பதில்லை. அந்தப் பயம் வேண்டாம்.

*எத்தனை டிகிரியில் வைப்பது?*

24-லிருந்து 26 வரை வைத்து, மெதுவாக ஃபேனைச் சுற்றவிடுங்கள். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தானாகத் தொடங்க வேண்டும் என்பது விதி. 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிராது, பில்தான் சீக்கிரம் ஏறும்.

*ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பெரிய ரிப்பேரா?*

பெரும்பாலும் டிரெயின் பைப் அடைப்புதான். சாதாரண சர்வீஸிலேயே சரியாகிவிடும்.

*ஏ.சி. ரூமில் தலைவலி வருகிறது. ஏன்?*

ராத்திரி முழுக்கச் சாத்திய அறையில் பல பேர் படுத்தால் காற்று பழசாகிவிடும். படுக்கும் முன்னும், எழுந்ததும் ஜன்னலை நன்றாகத் திறந்து வையுங்கள். அப்படியும் தலைவலி தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

*எப்போது மெக்கானிக்கை விட்டு டாக்டரிடம் போக வேண்டும்?*

சர்வீஸுக்குப் பிறகும் இரண்டு, மூன்று வாரம் இருமல் நிற்கவில்லை, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். குழந்தைக்கு மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.

அடுத்த தடவை “கேஸ் இறங்கிடுச்சும்மா” என்ற குரல் கேட்டால் பதறாதீர்கள். “எங்கே தம்பி லீக்கு? காட்டுங்க” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வேலை தெரிந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். அவருடைய நம்பரைப் பத்திரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்!